முன்னறியும் மூளை: பசி, தாகம், உறக்கத்தை ஆளும் பெப்டைடுகள்

இரவு உணவை முடித்துப் படுப்பவர் விடியும்வரை ஏழெட்டு மணி நேரம் ஒரு வாய் நீர்கூட அருந்துவதில்லை. பகலில் அதே அளவு நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் நாக்கு வறண்டுவிடும், தலை வலிக்கும், வேலையில் மனம் செல்லாது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நீர் வெளியேறுவது உறக்கத்திலும் நிற்பதில்லை. ஆனாலும் உடல்நலத்தோடு இருக்கும் ஒருவரைத் தாகம் நள்ளிரவில் எழுப்புவது அரிது. சிறுநீர் கழிக்க எழ வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் வருவதில்லை. பசியும் விடியும்வரை அடங்கியே கிடக்கிறது.

இந்த ஒழுங்கு மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 1,300 கிராம் எடையுள்ள மனித மூளையில் அதன் பங்கு 4 கிராம் அளவே. பசி, தாகம், உடல் வெப்பம், உறக்கம், இனப்பெருக்கம் ஆகிய அத்தனைக்கும் அங்கே நரம்பணுக் கூட்டங்கள் உள்ளன. அவை தமக்குள்ளும் உடலின் பிற உறுப்புகளோடும் பேசுவதற்குப் பயன்படுத்தும் முதன்மையான வேதிப்பொருள்கள் பெப்டைடுகள்.

உடலில் ஏதேனும் குறையும்போது அதை ஈடுசெய்வதுதான் இந்தப் பெப்டைடுகளின் பணி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உப்பு கூடினால் தாகம், சக்தி குறைந்தால் பசி, களைப்பு மிகுந்தால் உறக்கம் என்ற கணக்கு அது. அண்மைக்கால ஆய்வுகள் அதைவிட ஆழமான ஒன்றைக் காட்டுகின்றன. மூளை குறை வரும்வரை காத்திருப்பதில்லை. வரப்போகும் குறையை முன்கூட்டியே மதிப்பிட்டு நடக்கிறது. அந்த மதிப்பீட்டில் பசி, தாகம், நேரம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

சுரக்கும் நரம்பணுக்கள்

அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டால் பெப்டைடு. அதே சங்கிலி மிக நீண்டு மடிந்தால் புரதம். மூளையின் பெப்டைடுகளில் மூன்றே அமினோ அமிலங்கள் கொண்டவையும் உண்டு, நாற்பதை ஒட்டியவையும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டவை இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன.

நரம்பணுக்கள் வழக்கமாகப் பேசிக்கொள்வது குளுட்டமேட் போன்ற சிறு மூலக்கூறுகள் மூலம். அந்தப் பேச்சு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடும். அடுத்திருக்கும் அணுவைத் தாண்டாது. பெப்டைடின் போக்கு வேறு. நரம்பணுவின் உடற்பகுதியில் ஒரு பெரிய முன்னோடிப் புரதம் உருவாகிறது. நொதிகள் அதைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டிப் பெப்டைடுகளாக்குகின்றன. நரம்பணு தொடர்ந்து துடிக்கும்போது மட்டுமே அவை பெருமளவில் வெளிவருகின்றன. வெளிவந்தபின் சுற்றிலும் பரவுகின்றன, நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் செயல்படுகின்றன. முன்னது காதோடு சொல்லும் சேதி என்றால் பின்னது ஊரறியப் போடும் தண்டோரா. பசி, தாகம், தூக்கம் போன்ற நிலைகள் கணத்தில் தோன்றி மறையாமல் நீடித்து நிற்பதற்கு இதுவே காரணம்.

நரம்பணு சுரப்பியைப் போலச் சுரக்கும் என்ற கருத்தை ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஷாரர் 1928-இல் ஒரு சிறு மீனின் ஹைப்போதலாமஸை ஆராய்ந்து முன்வைத்தார். நரம்பு வேறு, சுரப்பி வேறு என்று பிரித்துப் படித்திருந்த அறிவுலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் தயங்கியது. 1950-களில் வின்சென்ட் டு விக்னியோ ஆக்ஸிடோசின், வாசோபிரெசின் ஆகிய இரண்டையும் ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டினார். 1955-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இரண்டும் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்டவை. இரண்டே அமிலங்களில் வேறுபடுபவை. பிட்யூட்டரிச் சுரப்பியை இயக்கும் ஹைப்போதலாமஸ் பெப்டைடுகளைத் தேடி ரோஜர் கில்மன் ஆட்டு மூளைகளிலும் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். லட்சக்கணக்கான மூளைத்துண்டுகளை அரைத்துப் பிரித்தபின் கிடைத்தது மில்லிகிராம் கணக்கில். அதிலிருந்து 1969-இல் முதல் பெப்டைடின் அமைப்பு வெளிவந்தது. 1977-இல் இருவரும், பெப்டைடுகளை நுண்ணளவில் அளக்க வழிகண்ட ரோசலின் யாலோவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நீரின் கணக்கு

இரத்தத்தில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் செறிவை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. அந்தச் செறிவு ஒன்றிரண்டு விழுக்காடு கூடினாலே மூளை உணர்ந்துகொள்கிறது. பிரிட்டிஷ் உடலியலாளர் எர்னஸ்ட் வெர்னி 1940-களில் இதை நாய்களிடம் நிறுவினார். கழுத்துத் தமனி வழியாக மூளைக்குச் சற்றுச் செறிந்த உப்புக்கரைசலைச் செலுத்தியதும் சிறுநீர் குறைந்தது. செறிவை அளக்கும் அணுக்கள் மூளைக்குள்ளேயே இருக்கின்றன என்று அவர் முடிவுசெய்தார்.

அந்த அணுக்கள் எச்சரித்ததும் ஹைப்போதலாமஸில் உள்ள பெரிய நரம்பணுக்கள் வாசோபிரெசினைப் பிட்யூட்டரியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் விடுகின்றன. அது சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களை அடைகிறது. அங்கே உள்ள அணுக்கள் அக்வாபோரின் எனப்படும் நீர்வழிப் புரதங்களைத் தம் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து பொருத்துகின்றன. அந்த வழியே நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் நீர்மம் ஏறத்தாழ 180 லிட்டர். வெளியேறுவது ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீர்தான். மீட்பின் பெரும்பகுதி இந்த ஹார்மோன் இல்லாமலே நடந்துவிடுகிறது. ஆனால் கடைசிக் கட்டத்தின் பல லிட்டர்களை மீட்பதா விடுவதா என்பதை வாசோபிரெசினே முடிவுசெய்கிறது. அது சுரக்காமல் போனவர்கள் ஒரு நாளில் 10 லிட்டருக்கும் மேல் நீர்த்த சிறுநீர் கழிக்கக்கூடும். குடித்துக்கொண்டே இருந்தால்தான் அவர்கள் உயிர் தரிக்க முடியும். சர்க்கரையோடு தொடர்பில்லாத நீரிழிவு இது. வாசோபிரெசினைச் சற்றே மாற்றிச் செய்த டெஸ்மோபிரெசின் என்ற மருந்து இன்று இந்நோய்க்குக் கைகொடுக்கிறது.

நீரை மீட்டால் மட்டும் போதாது. புதிதாக உள்ளே வரவும் வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் சுவீடனின் பெங்ட் ஆண்டர்சன் ஆடுகளின் ஹைப்போதலாமஸில் மிகச் சிறிதளவு உப்புக்கரைசலைச் செலுத்தினார். தேவையே இல்லாத ஆடுகள் தண்ணீரை இழுத்து இழுத்துக் குடித்தன. 1970-இல் ஆலன் எப்ஸ்டைன், ஜேம்ஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ், பார்பரா ரோல்ஸ் ஆகியோர் எலியின் மூளைக்குள் ஆஞ்சியோடென்சின் என்ற எட்டு அமினோ அமிலப் பெப்டைடைச் செலுத்தி அதே விளைவைக் கண்டார்கள். இரத்த அளவு குறையும்போது சிறுநீரகம் தொடங்கிவைக்கும் வேதித்தொடரின் விளைபொருள் அது. மூளையின் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து காக்கும் தடுப்பு, சப்ஃபார்னிகல் உறுப்பு உள்ளிட்ட ஒருசில இடங்களில் இல்லை. அந்த இடங்களில்தான் ஆஞ்சியோடென்சினும் உப்பும் நேரே உணரப்படுகின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் குறைக்கு ஈடுசெய்யும் கணக்குக்குள் அடங்கும். அடங்காத ஒரு புதிர் பழைய உடலியலாளர்களுக்கே தெரிந்திருந்தது. குடித்த நீர் இரத்தத்தில் கலந்து செறிவை மாற்றப் பல நிமிடங்கள் ஆகும். ஆனால் தாகம் நான்கு மடக்கிலேயே தணிந்துவிடுகிறது. செறிவு மட்டுமே அளவுகோல் என்றால் அந்தப் பல நிமிடங்களும் நாம் குடித்துக்கொண்டே இருந்திருப்போம். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸக்கரி நைட் குழு 2016-இல் சுண்டெலிகளின் தாக நரம்பணுக்களை நேரடியாகக் கண்காணித்தது. நீர் வாயைத் தொட்டு ஒரு நிமிடத்துக்குள் அந்த அணுக்கள் அடங்கின. உணவு உண்ணத் தொடங்கியதும், இரத்தத்தில் எந்த மாற்றமும் நேருமுன்பே, அவை எழுச்சி கொண்டன. உண்ணும்போதே தண்ணீர் தேவைப்படுவதன் விளக்கம் இதில் இருக்கிறது. சோற்றின் உப்பு இரத்தத்தை எட்டும் முன்பே, எட்டினால் என்ன ஆகும் என்று மூளை மதிப்பிட்டுவிடுகிறது.

பசியின் கணக்கு

பசிக்கு மூளையில் இடம் தேடிய ஆய்வுகளில் இந்தியர் ஒருவரின் பங்கு உண்டு. 1940-இல் ஹெதரிங்டனும் ரேன்சனும் எலியின் ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியைச் சேதப்படுத்தினார்கள். எலிகள் மட்டுமீறிப் பருத்தன. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால் கிருஷ்ண ஆனந்த், ஜான் புரோபெக்குடன் சேர்ந்து பக்கவாட்டுப் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்த எலிகள் உணவை அடியோடு மறுத்துப் பட்டினி கிடந்து மடிந்தன. ஆனந்த் பின்னாளில் டெல்லி எய்ம்ஸின் உடலியல் துறையை உருவாக்கி நடத்தியவர். பக்கவாட்டுப் பகுதி உண்ணத் தூண்டும், நடுப்பகுதி நிறுத்தச் சொல்லும் என்ற பாடம் இந்த இரு ஆய்வுகளின் மீது எழுந்தது.

உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் இதற்கு விடை தேடினார். அங்கே பிறவியிலேயே கொழுக்கும் சுண்டெலி வகைகள் இரண்டு இருந்தன. ஒரு வகை எலியை இன்னொரு வகை எலியோடு அறுவை மூலம் இணைத்து இரத்தம் கலக்கச் செய்தார். முதல் வகை எலி உண்பதை நிறுத்தி மெலிந்து இறந்தது. இரண்டாம் வகை கொழுத்தபடியே இருந்தது. முதல் வகைக்கு ஒரு சமிக்ஞை உடலில் சுரக்கவில்லை, இரண்டாம் வகைக்குச் சமிக்ஞை ஏராளம், அதை உணரும் ஏற்பி இல்லை என்று 1973-இல் கோல்மன் கணித்தார். அந்தச் சமிக்ஞையை 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்பணுக்களிலிருந்து சுரக்கும் அந்தப் புரதம்தான் லெப்டின்.

மனிதருக்கும் இது பொருந்தும் என்பதற்கு வலுவான சான்று 1997-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. பாகிஸ்தானிலிருந்து பிரிட்டனில் குடியேறிய ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே அடங்காப் பசியோடு பருக்கத் தொடங்கினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இருவர் உடலிலும் லெப்டின் ஏறத்தாழ இல்லை. ஸ்டீபன் ஓ'ராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் சிறுமிக்கு லெப்டின் ஊசி கொடுக்கத் தொடங்கியதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. பெற்றோரின் வளர்ப்பும் குழந்தையின் ஆசையும் பழி சுமந்த இடத்தில் ஒரே ஒரு மூலக்கூறு இல்லாமல் போயிருந்தது.

லெப்டினை உணரும் நரம்பணுக்கள் ஹைப்போதலாமஸின் அடித்தளத்தில் இரு எதிரணிகளாக அருகருகே உள்ளன. ஓர் அணி, நியூரோபெப்டைடு ஒய், ஏஜிஆர்பி ஆகிய இரண்டையும் சுரந்து பசியை எழுப்புகிறது. முன்னதை 1982-இல் ஸ்டாக்ஹோமில் கசுஹிக்கோ டாட்டமோட்டோ, விக்டர் மட் ஆகிய இருவரும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 36 அமினோ அமிலங்கள் கொண்ட அதை எலியின் மூளையில் செலுத்தினால் வயிறு நிறைந்த எலியும் மறுபடி உண்ணும். மற்ற அணி பிஓஎம்சி என்ற முன்னோடிப் புரதத்திலிருந்து ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற பெப்டைடை வெட்டியெடுத்துப் பசியை அடக்குகிறது. இரு அணிகளும் கடைசியில் எம்சி4 என்ற ஒரே ஏற்பியில் மோதுகின்றன. எம்எஸ்எச் அதைத் திறக்கிறது, ஏஜிஆர்பி மூடுகிறது.

அதே எம்எஸ்எச் தோலுக்கும் தலைமுடிக்கும் நிறம் சேர்ப்பதிலும் ஈடுபடுகிறது. பிஓஎம்சி மரபணு கெட்டுப் பிறந்த குழந்தைகளை 1998-இல் ஜெர்மன் மருத்துவர்கள் விவரித்தபோது அவர்களிடம் கடும் பருமனோடு செம்பட்டை முடியும் இருந்தது. அதே முன்னோடியிலிருந்து வெட்டப்படும் இன்னொரு பெப்டைடு இல்லாததால் அட்ரினல் சுரப்பியும் செயலிழந்திருந்தது. ஒரே மூலப்பொருளை இடத்துக்கேற்ப வெட்டி வெவ்வேறு பணிக்கு அனுப்பும் இயற்கையின் சிக்கனம் இது. எம்சி4 ஏற்பியைத் தூண்டும் செட்மெலனோடைட் என்ற பெப்டைடு மருந்து இத்தகைய அரிய மரபணுக் குறைகளுக்காக 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வயிறும் பேசுகிறது. 1999-இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா இருவரும் கண்டறிந்த கிரெலின் 28 அமினோ அமிலங்கள் கொண்டது. வெறும் வயிற்றிலிருந்து சுரந்து, பசியெழுப்பும் அணியைத் தூண்டுகிறது. வழக்கமாக நாம் உண்ணும் வேளைக்குச் சற்று முன்னதாகவே அது உயர்கிறது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்குப் பன்னிரண்டரைக்கே வயிறு கூப்பிடுவதில் இதற்கும் பங்குண்டு.

முன்னறிவின் கையெழுத்து இங்கேயும் பதிந்திருக்கிறது. பசித்த சுண்டெலியின் ஏஜிஆர்பி அணுக்கள் துடித்துக்கொண்டே இருக்கும். உணவைக் கண்டதும், ஒரு துணுக்கும் வாயில் படுமுன், அவை அடங்கத் தொடங்குகின்றன என்று நைட் குழு 2015-இல் காட்டியது. உணவை எடுத்துவிட்டால் துடிப்பு மீள்கிறது. உண்டதால் பசி அடங்குகிறது என்பது நம் அனுபவம். உண்ணப்போவதை அறிந்தே மூளை பசியணுக்களைத் தளர்த்துகிறது என்பது ஆய்வின் முடிவு.

நேரத்தின் கணக்கு

முன்னறிய வேண்டுமென்றால் நேரம் தெரிந்திருக்க வேண்டும். ஹைப்போதலாமஸில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு திரள் உள்ளது. 1972-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே எலிகளில் அதை அழித்துப் பார்த்தன. நாளின் தாளம் குலைந்தது. ஓட்டமும் குடித்தலும் ஓய்வும் வேளைகெட்டுச் சிதறின. 1990-இல் மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனக்கர் உள்ளிட்டோர் இன்னும் உறுதியான சான்றைத் தந்தார்கள். வழக்கத்தைவிடக் குறுகிய நாளைக் கொண்ட ஹாம்ஸ்டரிலிருந்து அந்தத் திரளை எடுத்து, திரள் அழிக்கப்பட்ட வேறு ஹாம்ஸ்டருக்குப் பொருத்தினார்கள். பெற்றுக்கொண்ட விலங்கு, கொடுத்த விலங்கின் நாளை வாழத் தொடங்கியது.

திரளின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் மரபணுக்களால் இயங்கும் தனிக்கடிகாரம் உண்டு. அதன் அடிப்படை இயக்கத்தை ஈக்களில் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 20,000 கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமே? அதைச் செய்வது ஒரு பெப்டைடு. 1970-இல் சாமி சையது, மேலே சொன்ன விக்டர் மட் ஆகிய இருவரும் பன்றியின் குடலிலிருந்து பிரித்தெடுத்த விஐபி என்ற 28 அமினோ அமிலச் சங்கிலி அது. அது இல்லாத சுண்டெலிகளின் திரளில் ஒவ்வோர் அணுவும் தன்போக்கில் நேரம் காட்டத் தொடங்குகிறது. இருட்டில் விட்டால் பல எலிகளின் நாளே கலைந்துபோகிறது. கண்ணிலிருந்து வெளிச்சத்தின் செய்தியைக் கொண்டுவரும் நரம்புகளும் குளுட்டமேட்டோடு பேக்கப் என்ற பெப்டைடைச் சுரக்கின்றன. பசியெழுப்பும் அதே நியூரோபெப்டைடு ஒய், வேறொரு பாதையில் வந்து, உடலின் இயக்கம் பற்றிய சேதியை இந்தத் திரளுக்குச் சொல்கிறது.

சிறுநீரகத்துக்கு ஆணையிடும் வாசோபிரெசினும் இங்கே இருக்கிறது. திரளின் வெளிப்பகுதி அணுக்கள் பல அதைச் சுரக்கின்றன. சுரப்பு பகலும் இரவும் ஏறி இறங்குகிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிட்டோஷி ஒக்காமுரா குழு 2013-இல், மூளையில் வாசோபிரெசினை உணரும் இரு வகை ஏற்பிகளும் இல்லாத சுண்டெலிகளை வளர்த்தது. விளக்கு நேரத்தை எட்டு மணி நேரம் தள்ளி மாற்றியபோது மற்ற எலிகள் பழகப் பல நாள்கள் எடுத்துக்கொண்டன. ஏற்பி இல்லாதவை மிக விரைவில் புதிய நேரத்துக்கு மாறின. திடீர் மாற்றத்துக்கு இடங்கொடாத பிடிவாதத்தைக் கடிகாரத்துக்குத் தருவது வாசோபிரெசின் என்று இதிலிருந்து தெரிகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பின் ஒரு வாரம் தூக்கம் கெடுவதன் வேர் இந்தப் பிடிவாதத்தில் இருக்கிறது.

மூன்றும் சந்திக்கும் இடம்

இனி, தாகம் நம்மை நள்ளிரவில் ஏன் எழுப்புவதில்லை என்ற தொடக்கக் கேள்விக்கு வரலாம். மான்ட்ரியாலிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் பூர்க் குழு இரண்டு கட்டங்களில் விடையைத் தந்தது. 2010-இல் வெளிவந்த முதல் ஆய்வு இரவின் நீர்ச்சேமிப்பைப் பற்றியது. உறக்கத்தின் பிற்பகுதியில் கடிகாரத் திரளின் துடிப்பு குறைகிறது. அதனால், உப்பை உணரும் அணுக்களிலிருந்து வாசோபிரெசின் அணுக்களுக்குச் செல்லும் தொடர்பின் மீதிருந்த கட்டுப்பாடு தளர்கிறது. மற்ற நேரத்தில் சிறு விளைவையே தரும் அதே செறிவு அந்நேரத்தில் கூடுதல் வாசோபிரெசினைச் சுரக்கச் செய்கிறது. குடிக்க முடியாத அந்த நேரத்தில் சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

2016-இல் வந்த இரண்டாம் ஆய்வு தாகத்தைப் பற்றியது. சுண்டெலிகள் உறங்கப்போவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வழக்கத்தைவிட மிகுதியாக நீர் குடிக்கின்றன. அப்போது அவற்றின் இரத்தத்தில் செறிவு கூடியிருப்பதில்லை. உடலில் நீர்க்குறை எதுவும் இல்லை. கடிகாரத் திரளின் வாசோபிரெசின் அணுக்கள், தாகத்தை எழுப்பும் பகுதிக்கு நேரடியாக நரம்பிழைகளை அனுப்பி, அந்த வேளையில் அங்கே வாசோபிரெசினைச் சுரக்கின்றன. அந்த இழைகளை ஒளியால் தூண்டியபோது தாக அணுக்கள் துடித்தன. அடக்கியபோது உறக்கத்துக்கு முந்தைய குடி குறைந்தது. அந்த இரண்டு மணி நேரம் கூடுதலாகக் குடிக்கவிடாமல் தடுக்கப்பட்ட எலிகள் உறங்கி எழும்போது நீர்க்குறையோடு எழுந்தன. வரவிருக்கும் வறட்சிக்காகக் கடிகாரமே தாகத்தை எழுப்புகிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி சிறுநீரகத்தில் நீரைக் காக்கிறது, கடிகாரத்தில் நேரத்தைக் காக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தாகமாகவும் நிற்கிறது.

பசியும் உறக்கமும் சந்திக்கும் இடம் ஆனந்த் 1951-இல் தொட்ட அதே பக்கவாட்டுப் பகுதி. 1998-இல் இரண்டு குழுக்கள் அங்கே மட்டும் உருவாகும் இரு பெப்டைடுகளைக் கண்டுபிடித்தன. லூயிஸ் டி லெசேயாவும் கிரகர் சட்கிளிஃபும் இடம்பெற்ற குழு அவற்றுக்கு ஹைப்போகிரெட்டின் என்று பெயரிட்டது. தக்கேஷி சக்குராய், மசாஷி யனகிசாவா குழு ஒரெக்சின் என்றது. எலியின் மூளையில் செலுத்தியபோது உண்பது கூடியதால் பசிப் பெப்டைடு என்றே முதலில் கருதினார்கள். அடுத்த ஆண்டே எதிர்பாராத திருப்பம் வந்தது. பட்டப்பகலில் தாங்க முடியாத தூக்கத்தில் விழும் நார்கோலெப்சி நோய் கொண்ட நாய்களில் ஸ்டான்ஃபோர்டின் எம்மானுவேல் மின்யோ கண்ட மரபணுக்குறை, இந்தப் பெப்டைடின் ஏற்பியிலேயே இருந்தது. யனகிசாவா குழுவின் ஒரெக்சின் இல்லாச் சுண்டெலிகளும் நடமாட்டத்தின் நடுவே சட்டென்று தளர்ந்து விழுந்தன. இந்நோயுள்ள மனிதர்களின் மூளையில் ஒரெக்சின் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்திருப்பதை 2000-இல் வந்த ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் ஒரெக்சின் பசிக்கானதா, விழிப்புக்கானதா? இரண்டையும் பிரிப்பதே பிழை. இந்த அணுக்களைக் கிரெலின் தூண்டுகிறது. சர்க்கரையும் லெப்டினும் அடக்குகின்றன. பட்டினி போட்ட சுண்டெலி உறங்காமல் இரை தேடி அலையும். ஒரெக்சின் அணுக்கள் அழிந்த சுண்டெலி பட்டினியிலும் அப்படி அலைவதில்லை. உணவு தேட வேண்டுமானால் விழித்திருக்க வேண்டும் என்ற தேவையை உயிர் இந்தப் பெப்டைடில் எழுதி வைத்திருக்கிறது. இதன் ஏற்பியைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் என்ற மருந்து 2014-இல் அமெரிக்காவில் தூக்கமின்மைக்கு அனுமதி பெற்றது.

மருத்துவமும் நாமும்

கணக்கின் ஒரு பக்கம் கெட்டால் மற்றப் பக்கங்களும் கெடும். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுக்கையில் இருந்த நாள்களோடு ஒப்பிடும்போது லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது, பசியும் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் திசை தெளிவு. 2009-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே கொழுப்புணவை ஓய்வுவேளையில் மட்டும் உண்ட சுண்டெலிகள், விழிப்புவேளையில் மட்டும் உண்டவற்றைவிடக் கூடுதலாக எடை போட்டன. எதை உண்கிறோம் என்பதைப் போலவே எப்போது உண்கிறோம் என்பதும் உடலுக்குக் கணக்கு.

பருமனுள்ள பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவில்லை, மிகுதியாகவே உள்ளது. மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே லெப்டின் ஊசி அவர்களுக்கு உதவவில்லை. எடையைக் குறைத்தாலோ லெப்டின் சரிகிறது, கிரெலின் உயர்கிறது. இழந்ததை மீட்கச் சொல்லிப் பசி நச்சரிக்கிறது. இந்தச் சூழலில்தான் குடலும் மூளைத்தண்டும் சுரக்கும் ஜிஎல்பி-1 பெப்டைடைப் பின்பற்றிய மருந்துகள் வந்தன. இயற்கையான ஜிஎல்பி-1-இன் பாதி, இரத்தத்தில் இரண்டு நிமிடங்களுக்குள் சிதைந்துவிடும். அதை ஒரு வாரம் நிலைக்கும்படி மாற்றியமைத்ததே செமக்ளூடைட். பருமனுக்கு அது 2021-இல் அமெரிக்காவிலும் 2025-இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. பெரிய சோதனை ஒன்றில் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காட்டை ஒட்டிய எடைக்குறைவு கிடைத்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கும், பருமன் நீண்டகால நோய் என்பதற்கும் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே சான்று. அழகுக்காகச் சில மாதம் போட்டுப் பார்க்கும் ஊசியாக இதை எவரும் நினைக்கக் கூடாது.

இரவில் படுக்கையை நனைக்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இரவில் உயர வேண்டிய வாசோபிரெசின் போதிய அளவு உயர்வதில்லை என்று டென்மார்க்கின் ஆர்ஹூஸ் ஆய்வாளர்கள் 1980-களில் கண்டார்கள். அத்தகைய குழந்தைகளுக்கு டெஸ்மோபிரெசின் பயன்படுகிறது. அடியும் ஏச்சும் எந்தக் காலத்திலும் மருந்தாகவில்லை. மறுமுனையில், வயது ஏற ஏறத் தாகவுணர்வு மங்குகிறது. 24 மணி நேரம் நீரில்லாமல் இருந்த முதியவர்களுக்கு, அதே நிலையில் இருந்த இளைஞர்களைவிடத் தாகம் குறைவாகவே எழுந்தது என்று 1984-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அவர்கள் கேட்கவில்லை என்பதால் அவர்களுக்குத் தேவையில்லை என்று பொருளாகாது.

இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு என் பார்வையில் தெளிவானது. பசி, தாகம், உறக்கம் மூன்றும் மனவுறுதியின் தேர்வுகள் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயிர் செதுக்கிய முன்கணிப்புகள். அந்த முன்கணிப்புக்கு நம்பத்தக்க வேளைகள் தேவை. இரவுப்பணி மாறிமாறிச் செய்யும் செவிலியருக்கும் காவலருக்கும் தொழிலாளருக்கும் ஒழுங்கான ஓய்வுவேளையும் உணவுவேளையும் அமைத்துத் தருவது நிர்வாகத்தின் சலுகை ஆகாது. அது உடல்நலக் கடமை. பருத்த உடலோடு வருபவரிடம் "வாயைக் கட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பும் மருத்துவம் அரைநூற்றாண்டு பின்தங்கியது. அவரை நோயாளியாக மதித்துச் சிகிச்சை தர வேண்டும். வீட்டு முதியவர் தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். இதய, சிறுநீரக நோய்களுக்காக மருத்துவர் அளவு விதித்திருந்தால் அந்த அளவுக்குள், மற்றவர்களுக்கு வேளைதோறும், தண்ணீரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.